ரிக்கின் நங்கூர லைன் அறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் வேலைக்குப் போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். டெக்கில் எடுபிடி வேலை செய்யும் ரவுஸ்டபவுட்டாகப் போகிறவர், நங்கூரங்களைத் தூக்கிப் போடும் ஆங்கர் ஹேண்ட்லிங் கப்பலின் டெக்கில் நிற்கப் போகிறவர், டிப்ளமோ முடித்துவிட்டு, ரிக்கைச் சமநிலையில் வைக்கும் பேலஸ்ட் தண்ணீரைக் கவனிக்கிற கண்ட்ரோல் அறையில் உட்காரப் போகிறவர், யாராக இருந்தாலும் மூரிங் லைன், அதாவது ரிக்கை நங்கூரத்தோடு கட்டும் சங்கிலியோ வயரோ கயிறோ, உங்கள் வேலையில் ஏதாவது ஒரு மூலையில் வந்தே தீரும். ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் எப்படி வெளியே வருவது என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள், தீயணைக்கச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் நீங்கள் படுத்துத் தூங்குகிற கட்டிலை நடுக்கடலில் ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கிற அந்த எட்டோ பன்னிரண்டோ லைன்களைப் பற்றி உருப்படியாக அரை மணி நேரம் பேசுவதில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மணிக்கட்டை விடத் தடிமனான சங்கிலி, அது எப்படிண்ணே அறும்? நியாயமான கேள்வி. 76 மில்லிமீட்டர் விட்டத்தில், ஆர்4 என்ற எஃகுத் தரத்தில் செய்த புதுச் சங்கிலியை அறுக்கக் கிட்டத்தட்ட 600 டன் இழுவை வேண்டும். ஒரு மீட்டர் நீளமே 120 கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல நிலையில் உள்ள சங்கிலி நடுவில் சும்மா அறுவது அபூர்வம். அறுவது முனையில், இணைப்பில், வளைகிற இடத்தில், கடலடித் தரையைத் தொடுகிற இடத்தில். கையில் இருக்கும் நேரத்தில் முக்கால்வாசியை அந்த நாலு இடத்துக்குக் கொடுங்கள். மீதி நேரத்தை, ஒரு லைன் போனால் போனது உடனே தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்வதற்குக் கொடுங்கள், ஏனென்றால் ஒரே ஒரு லைன் போனதால் மாட்டிக்கொண்ட ரிக் குறைவு, முதல் லைன் போனதே தெரியாமல் நின்றுகொண்டிருந்து அடுத்த காற்றில் இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக இழந்தவைதான் செய்தியில் வந்தவை.

உங்கள் ரிக் எந்த வகை

ஜாக்கப் என்றால் கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கிறது. அது இடத்தில் வந்து அமரும்போது மட்டும் நங்கூரம் உதவிக்கு வரலாம், அதோடு சரி. டைனமிக் பொசிஷனிங் உள்ள கப்பல் தன் இன்ஜின்களால் நிற்கிறது. இங்கே பேசுவது செமி சப்மெர்சிபிள் (பாதி மூழ்கி மிதக்கும் ரிக்), நங்கூரம் போட்டு நிற்கும் டிரில்ஷிப் (துளையிடும் கப்பல்), மிதக்கும் உற்பத்திக் கப்பல், வேலையாட்கள் தங்கும் பார்ஜ் மாதிரியானவற்றைப் பற்றி. நம் கடலுக்கும் இது புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே பி.ஒய்-3 என்ற எண்ணெய் வயலில் தஹாரா என்ற மிதக்கும் உற்பத்தி நிலையமும், எண்ணெயை வாங்கிச் சேமிக்க எண்டெவர் என்ற டேங்கரும் இருந்தன. 2011-இல் அங்கே உற்பத்தி நின்றது. அந்த வயலில் தண்ணீரின் ஆழம் ஒரு பக்கம் 40 மீட்டர், இன்னொரு பக்கம் 450 மீட்டர் என்று போகும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நங்கூரம் போடுவதைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

லைன் எப்படி ரிக்கைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நங்கூரத்திலிருந்து நேராக விறைத்த கோடாக அது வருவதில்லை. கொஞ்ச தூரம் கடலடியில் படுத்துக் கிடந்து, பிறகு தன் எடையால் தொய்ந்து வளைந்து மேலே ரிக்கில் உள்ள ஃபேர்லீட் என்ற சக்கரத்துக்கு ஏறுகிறது. ரிக் ஒரு பக்கம் தள்ளப்பட்டால் படுத்திருந்த சங்கிலி கொஞ்சம் எழும், எழுந்த எடை ரிக்கைத் திரும்ப இழுக்கும். ரிக்கைத் திரும்ப இழுக்கும் விசை பெரும்பாலும் அந்த எடையும் தொய்வும்தான். ஆழ்கடலில் இடையில் பாலியெஸ்டர் கயிறு போடும் ரிக்குகளில் எடைக்குப் பதில் கயிற்றின் நீட்சி வேலை செய்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று லைனை இறுக்கி வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். இறுக்கி வைத்த லைனில் அலையின் ஒவ்வொரு உதறலும் நேராக உலோகத்துக்குப் போகிறது.

அறுகிற இடங்கள்

முதலில் ஃபேர்லீட். சங்கிலி தண்ணீரிலிருந்து வந்து பள்ளம் வெட்டிய சக்கரத்தில் திரும்புகிற இடம் அது. மாதக்கணக்கில் ரிக் ஒரே கிணற்றில் நிற்கும்போது அதே ரெண்டு மூன்று லிங்க்தான், அதாவது சங்கிலி வளையம்தான், அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை மாற்றி மாற்றி வளைத்து முறிப்பீர்களே, அதேதான் இங்கே மெதுவாக நடக்கிறது. அங்கோலா கடலில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், கிரசோல் வயலின் மிதவையில் போட்ட புத்தம்புதுச் சங்கிலிகள் ஓர் ஆண்டுகூட நிறைவதற்கு முன் முறிந்தன. கணக்குப்படி, திரும்பத் திரும்ப இழுபட்டுச் சோர்ந்து முறிய அவற்றுக்கு எத்தனையோ மடங்கு அதிக காலம் ஆகியிருக்க வேண்டும். லிங்க்குகள் ஒன்றுக்குள் ஒன்று பெரும் இழுவையில் இறுகிக்கொண்டதால் உருள முடியாமல் பக்கவாட்டில் வளைந்தன, அந்த வளைவை அதுவரை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் வடிவமைப்பவர்கள் இதைத் தனியாகக் கணக்கிட ஆரம்பித்தார்கள்.

உங்களால் செய்யக்கூடியது எளிது. ஒரே இடத்தில் நீண்ட நாள் நின்றால், வானிலை அமைதியான ஒரு நாளில், பார்ஜ் மாஸ்டரின் திட்டப்படி, ஒவ்வொரு லைனிலும் இரண்டு மூன்று லிங்க் உள்ளே எடுக்கவோ வெளியே விடவோ சொல்லுங்கள். தேய்மானம் வேறு லிங்க்குக்கு மாறும். எத்தனை லிங்க் நகர்த்தினோம் என்று டேலி புக்கில், அதாவது லைன் கணக்கு நோட்டில், எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஆள் திரும்பப் பழைய லிங்க்கையே கொண்டுவந்து சக்கரத்தில் உட்கார வைப்பார். ஃபேர்லீட் சக்கரம் சுழல்கிறதா, பேரிங்கில் கிரீஸ் இறங்குகிறதா, ஃபேர்லீட் தலை பக்கவாட்டில் தாராளமாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாமல் இறுகிப்போன ஃபேர்லீட் நல்ல சங்கிலியையும் கெடுத்துவிடும். ஐந்து பள்ளச் சக்கரத்தை விட ஏழு பள்ளச் சக்கரம் லிங்க்கைக் குறைவாக வளைக்கும், ஆனால் அதெல்லாம் வாங்கும்போது முடிவு செய்கிற விஷயம்.

அடுத்து இணைப்புகள். எனக்குக் கென்டர் ஷேக்கிள் மீது ஒருபோதும் முழு நம்பிக்கை வந்ததில்லை. இரண்டு பாதிகளைச் சேர்த்து, நடுவில் ஸ்டட் என்ற குறுக்குக் கட்டையை நுழைத்து, கூம்பு வடிவப் பின் அடித்து, அது வெளியே வராமல் ஈயத்தைத் திணித்து மூடுகிற இணைப்பு அது. உடைக்கும் பலம் சங்கிலிக்குச் சமமாக இருக்கலாம், ஆனால் திரும்பத் திரும்ப இழுபடும்போது சோர்ந்துபோவதில் சாதாரண லிங்க்கை விட அது முந்திக்கொள்ளும். அதனால் கென்டர் எந்த லைனில், எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் வைத்துக்கொண்டு, அது ஃபேர்லீட் சக்கரத்தின் மேலோ, தரையைத் தொடுகிற இடத்திலோ வந்து நிற்காதபடி லைன் நீளத்தைத் திட்டமிடுங்கள். கழற்றினால் ஒரே எண் பொறித்த பாகங்களை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு கென்டரின் பாதியை இன்னொன்றின் பாதியோடு சேர்த்து, சுத்தியலால் ரெண்டு போடு போட்டு உட்கார வைத்துவிட்டு "உட்கார்ந்துடுச்சு சார்" என்று சொல்கிற டெக் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். பாகங்கள் ஜோடியாக இழைத்து எடுக்கப்பட்டவை, மாற்றிச் சேர்த்தால் பாரம் ஒரு ஓரத்தில் போய் நிற்கும். பழைய ஈயத்தையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஈயம் விழுந்தால் பின் நகரும், பின் நகர்ந்தால் கடலுக்கடியில் அது தானாகப் பிரிந்துகொள்ளும்.

வயர் இருக்கிற ரிக் என்றால், வயரின் முனையைப் பிடிக்கும் சாக்கெட்டின் வாயைப் பாருங்கள். வயர் நடுவில் அங்கங்கே ஒரு கம்பி முறிந்திருப்பது வேறு, சாக்கெட்டை ஒட்டி நாலு கம்பி முறிந்திருப்பது வேறு. இரண்டாவதைப் பார்த்தால் அந்த முனையை வெட்டி, புதிதாகச் சாக்கெட் போட வேண்டும். இழைகள் பிரிந்து கூண்டு மாதிரி உப்பியிருந்தாலோ, முறுக்கு விழுந்து மடிந்திருந்தாலோ பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். பாலியெஸ்டர் கயிறு லேசானது, ஆழ்கடலுக்கு நல்லது, ஆனால் அதைக் கடலடியில் படவிடக் கூடாது. மணல் இழைகளுக்குள் போய் உள்ளிருந்தே அறுக்கும். மேலுறை கிழிந்திருந்தால் "மேல்தோல்தானே" என்று விடாமல் உள்ளே உள்ள இழைகளைப் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்க வேண்டும்.

ஊருக்கு வந்தால் விசைப்படகு வைத்திருக்கிற மாமன் மச்சானிடமும் இந்த விஷயத்தைச் சொல்லிவையுங்கள். ரிக்கைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியிலும் லைன்கள் தண்ணீருக்குள் நீண்டு போகின்றன, நங்கூரங்கள் அதற்கும் அப்பால் கிடக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இழுவலையின் இரும்பு வடம் பாலியெஸ்டர் கயிற்றில் உரசினால் ரிக்குக்கும் நஷ்டம், வலைக்கும் நஷ்டம், படகுக்கு ஆபத்து. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, சங்கிலி தரையில் படுத்து எழுகிற இடம். ஒவ்வொரு அலைக்கும் அது கடலடியில் தட்டுப்படுகிறது. உரசித் தேய்வது போக, சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் உலோகத்தில் குழி குழியாக அரிப்பை உண்டாக்குகின்றன. வெதுவெதுப்பான கடல்களில் இது வேகமாக நடந்திருக்கிறது. சராசரி விட்டத்தை அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும், விரல் நுனி அளவு ஆழமான குழி ஒன்று அதில் ஒளிந்திருக்கும். அலை நனைத்து நனைத்துக் காய்கிற மேல்பகுதியும் இதே மாதிரி சீக்கிரம் அரிக்கும். வடிவமைப்பில் அந்தப் பகுதிக்கு ஆண்டுக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அரிப்பு என்று கணக்கு வைப்பார்கள், கடலைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம்.

நாலாவது இடத்தில் அறுவதில்லை, கழன்று ஓடுகிறது. லைனை இழுத்துச் சுற்றும் வின்ச்சின் பிரேக்கை மட்டும் நம்பி லைனை நிறுத்தி வைத்திருந்தால், பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டாலோ தேய்ந்திருந்தாலோ பெரிய அலையில் சங்கிலி முழுதும் கடகடவென்று ஓடிவிடும். சங்கிலியைக் கவ்விப் பிடிக்கும் செயின் ஸ்டாப்பர் இருக்கிறதென்றால் அது பூட்டியிருக்க வேண்டும், பூட்டியிருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கண்ட்ரோல் அறையில் எரிகிற பச்சை விளக்கு ஸ்டாப்பர் அல்ல. சங்கிலி குவிந்து கிடக்கும் லாக்கருக்குள் அதன் கடைசி முனை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அளப்பது

காலிப்பர், டேப், வெளிச்சம், பொறுமை. சங்கிலி மேலே ஏறி வரும்போது அழுத்த நீரால் சிப்பியையும் பாசியையும் கழுவிவிட்டு, இரண்டு லிங்க் ஒன்றோடொன்று உரசுகிற வளைவில் இரண்டு திசையில் விட்டம் எடுக்க வேண்டும். இரண்டின் சராசரி, குறித்த விட்டத்தில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த லிங்க் இனி என்னால் ஆகாது என்கிறது. 76 மில்லிமீட்டர் சங்கிலியில் அது 72.2. விட்டத்தில் 5 சதவீதம் குறைந்தால் குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய 10 சதவீதம் போய்விடுகிறது, அதனால்தான் இந்தக் கெடுபிடி. அப்புறம் ஐந்து லிங்க்கைச் சேர்த்து நீளம் அளக்க வேண்டும். அது விட்டத்தைப் போல 22 மடங்கு இருக்கும், 76-க்கு 1,672 மில்லிமீட்டர். தெளிவாக நீண்டிருந்தால் ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது எப்போதோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது.

நடுவில் ஸ்டட் வைத்த சங்கிலி என்றால் ஸ்டட் ஆடுகிறதா என்று சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். விழுந்துபோயிருந்தால் அந்த லிங்க் ஆகாது. ஆடுகிற ஸ்டட்டை வெல்டிங் வைத்து நிறுத்தலாமே என்று எந்த ஃபோர்மேன் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இந்த உயர்தர எஃகில் தாறுமாறாக வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் உலோகம் கடினமாகி விரிசல் விடும். சங்கிலியில் வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பைக் கவ்வ விடுவதும் அதே ரகம்தான், ஒரு சின்னத் தீப்பொறிப் புள்ளி போதும் விரிசலுக்கு.

எத்தனை நாளைக்கு ஒருமுறை முழுசாகப் பார்ப்பது என்பதற்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஆர்.பி. 2ஐ வழிகாட்டியைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். நகரும் ரிக்கின் சங்கிலிக்கு முதல் 3 ஆண்டு வரை 36 மாதத்துக்கு ஒருமுறை, 4 முதல் 10 ஆண்டு வரை 24 மாதம், 10 ஆண்டைத் தாண்டினால் 8 மாதம். பழைய சங்கிலியோடு ரிக்கை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி எண் பிடிக்காது. சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் உள்ள எண்ணும் லிங்க்கில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

நங்கூரம் போடும் நாள்

கடலூர், புதுச்சேரிக்கு வெளியே கண்டத்திட்டு குறுகலானது. கொஞ்ச தூரத்திலேயே தரை சட்டென்று இறங்கிவிடும், பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன. சரிவில் நிற்கிற ரிக்குக்கு ஒரு பக்கத்து நங்கூரம் மேட்டிலும் மறுபக்கத்து நங்கூரம் பள்ளத்திலும் விழும். எல்லா லைனுக்கும் ஒரே நீளம் விட்டால் சரியாக வராது. பள்ளத்துப் பக்கம் தண்ணீர் ஆழம் அதிகம், ஆகவே தரையில் படுத்திருக்கும் சங்கிலி குறைந்து, நங்கூரத்தின் தண்டு மேல்நோக்கித் தூக்கப்படும். சாதாரண இழுவை நங்கூரம் கிடைமட்டமாக இழுத்தால்தான் மண்ணில் புதையும், தூக்கினால் வெளியே வந்துவிடும். மேட்டுப் பக்கத்து நங்கூரமோ சரிவில் கீழ்நோக்கி இழுபடுகிறது, அதன் பிடி சமதரையில் உள்ளதை விடக் குறையும். ஆகவே ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி ஆழம், தனித்தனி நீளம், தனித்தனி மண். இடத்தின் சர்வே அறிக்கை வராமல் வெறும் சார்ட்டைப் பார்த்து லைன் நீளம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

நங்கூரம் இறங்கியதும் எதிரெதிர் லைன்களை இழுத்துச் சோதனை செய்வார்கள். திட்டத்தில் உள்ள சோதனை இழுவைக்குக் கொண்டுபோய் 15 நிமிடமாவது நிறுத்திவைக்க வேண்டும், அந்த நேரத்தில் டென்ஷன் (லைனின் இழுவை) மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் நங்கூரம் நகர்கிறது என்று பொருள். "அப்புறம் தானாகப் புதைந்துகொள்ளும்" என்று விட்டுவிட்டு டிரில்லிங்கைத் தொடங்க அவசரப்படுகிறவர்கள் எல்லா ரிக்கிலும் உண்டு. ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் டேலி புக்கில் நேரத்தையும் டென்ஷனையும் எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆங்கர் ஹேண்ட்லிங் கப்பலில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2007 ஏப்ரல் 12 அன்று ஷெட்லாண்டுக்கு மேற்கே ஒரு ரிக்குக்கு நங்கூரம் கொண்டுபோய்க்கொண்டிருந்த போர்பன் டால்பின் கவிழ்ந்து, கப்பலில் இருந்த 15 பேரில் 8 பேர் இறந்தார்கள். சங்கிலியின் எடை கப்பலின் பின்பகுதியில் பக்கவாட்டில் இழுத்தால் கப்பலே சாயும். இறுகிய வயருக்கும் சங்கிலிக்கும் நேர்கோட்டில் மட்டுமல்ல, அது அறுந்தால் சுழன்று அடிக்கக்கூடிய பரப்பு முழுதிலும் யாரும் நிற்கக் கூடாது. போன் பேச டெக்கில் நல்ல சிக்னல் கிடைக்கிறது என்று அங்கே போய் நிற்கிறவர்களை நான் சத்தம் போட்டே விரட்டியிருக்கிறேன்.

தினசரி பார்ப்பது

வடிவமைப்பில் பொதுவாக வைக்கும் எல்லை: எல்லா லைனும் நல்லபடி இருக்கும்போது புயல் கணக்கில்கூட எந்த லைனும் உடையும் பலத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு லைன் போன பிறகு மிச்சமுள்ளவை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 600 டன் சங்கிலியில் அது 360, 480 டன். இந்த எண்கள் சங்கிலி புதிதாக இருக்கும் என்று வைத்துப் போட்டவை. தேய்ந்த சங்கிலிக்கு உங்கள் ரிக்கின் மூரிங் அனாலிசிஸ் என்ற கணக்கீட்டில் என்ன பலம் எடுத்திருக்கிறார்கள் என்று பார்ஜ் இன்ஜினியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ச் மாறும்போது எல்லா லைனின் டென்ஷன், வெளியே விட்ட நீளம், ரிக்கின் இடம், ரிக்கின் முகத்திசை, காற்று, நீரோட்டம் ஆறையும் ஒரே வரியில் எழுதுங்கள். டென்ஷனை மட்டும் எழுதிப் பயனில்லை. லைன் நங்கூரத்துக்குப் பக்கத்தில் அறுந்தால், மிச்சம் சேற்றில் புதைந்து உராய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால் மீட்டரில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் ரிக் இருக்கும் இடம் நாலைந்து மீட்டர் தள்ளியிருக்கும், அதே காற்றுக்குப் பக்கத்து லைன்கள் நேற்றை விட அதிகம் காட்டும், ஃபேர்லீடில் லைன் இறங்குகிற கோணம் மாறியிருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் புரியும். டென்ஷனை அளக்கும் லோட் செல் அடிக்கடி கெடுகிற சாதனம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு லைன் பல நாளாக அசையாமல் ஒரே எண்ணைக் காட்டினால் லைன் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, மீட்டர் செத்திருக்கலாம்.

நம் கடலில் இன்னொன்றும் உண்டு. கரையோர நீரோட்டம் மார்ச்சை ஒட்டிய மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கிலிருந்து தெற்கே. வாடைக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே மார்ச்சில் உழைத்த லைன்கள் வேறு, நவம்பரில் உழைக்கிற லைன்கள் வேறு. மார்ச் மாத எண்களை வைத்துக்கொண்டு நவம்பரில் "எப்போதும் இவ்வளவுதான் இருக்கும்" என்று சொல்லக் கூடாது.

வடகடலில் 2011 பிப்ரவரி 4 அன்று கிரிஃபன் ஆல்ஃபா என்ற உற்பத்திக் கப்பலின் பத்து லைன்களில் நாலு போயின. கப்பல் அலைக்கு நேரே முகம் வைக்க முடியாமல் திரும்பி, இடம் விட்டு நகர்ந்து, கடலடிக் குழாய்களையும் சேதப்படுத்தியது. திரும்ப உற்பத்திக்கு வர 2013 ஆகிவிட்டது. அதே 2011 டிசம்பரில் பான்ஃப் வயலின் கப்பலில் பத்தில் ஐந்து. இரண்டும் புயலில் நடந்தவை.

புயல் வருமுன்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனது போனதுதான். வங்காள விரிகுடாப் புயலின் தொல்லை என்னவென்றால், அது நமக்குப் பக்கத்திலேயே உருவாகிறது. மெக்சிகோ வளைகுடாவில் சில நேரம் ஒரு வாரத்துக்கு முன்பே வருவது தெரியும். இங்கே காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லி இரண்டு மூன்று நாளில் வந்து நிற்கும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கிணற்றைப் பத்திரமாக மூட எத்தனை மணி நேரம், கிணற்றையும் ரிக்கையும் இணைக்கும் ரைசர் குழாயைக் கழற்றி ஏற்ற எத்தனை, வேலையில்லாதவர்களைக் கரைக்கு அனுப்ப எத்தனை, ரிக்கைப் புயல் ஆழத்துக்கு உயர்த்தப் பேலஸ்ட் தண்ணீரை வெளியேற்ற எத்தனை, லைன்களைப் புயல் அமைப்புக்கு மாற்ற எத்தனை. கூட்டிப் பார்த்தால் சில ரிக்குகளில் இரண்டு நாளைத் தாண்டும். வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன் புயல் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் அலர்ட், 24 மணி நேரத்துக்கு முன் வார்னிங் என்று படிப்படியாகத் தருகிறது. உங்கள் கூட்டுத்தொகை 50 மணி நேரம் என்றால் 48 மணி நேர அலர்ட்டுக்குக் காத்திருந்தாலே தாமதம். கடலூர் துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு துறைமுகத்துக்கும் படகுகளுக்குமானது, நடுக்கடலில் நிற்கிற ரிக் அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போனதும், கடந்த பிறகும் புதுச்சேரியை விட்டு நகராமல் நின்றதும் நினைவிருக்கும். முன்னறிவிப்பு நேரத்தை ஒட்டித் திட்டம் போடாமல் ஒரு நாள் முன்னும் பின்னும் இடம் விட்டுப் போடுங்கள்.

லைன் அமைப்பைப் பொறுத்தவரை, காற்று வருகிற பக்கத்து லைன்கள்தான் பாரம் முழுதும் தாங்கும். எதிர்ப்பக்கத்து லைன்கள் இறுகியிருந்தால் அவையும் சேர்ந்து ரிக்கைப் பின்னால் இழுத்து, முன் லைன்களின் சுமையை ஏற்றுகின்றன. அதனால் ரைசரைக் கழற்றிய பிறகு எதிர்ப்பக்கத்தைத் தளர்த்திவிடுவது வழக்கம். எவ்வளவு தளர்த்துவது என்பது ரிக்கின் புயல் அட்டவணையில் இருக்கும், கண் மதிப்பில் செய்கிற காரியமல்ல. புயல் திரும்பினால் எந்தப் பக்கம் எதிர்ப்பக்கம் ஆகும் என்பதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும், புயல் மையம் தாண்டிய பிறகு காற்று நேரெதிராக மாறும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்டாப்பரையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வின்ச் பக்கம் ஆள் போவதை நிறுத்துங்கள். த்ரஸ்டர் (ரிக்கைத் தள்ளும் விசிறி) உள்ள ரிக் என்றால் அதைக் காற்றுக்கு எதிராக ஓட விட்டு லைன் சுமையைக் குறைக்கலாம். ஆனால் ஜெனரேட்டர் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அனாலிசிஸில் பார்த்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் தாங்காது என்று எண்கள் சொன்னால், இடத்தை விட்டுப் போவதுதான் வழி, அதற்கு இழுவைக் கப்பல் முன்கூட்டியே வர வேண்டும். 2021 மே 17 அன்று டவ்தே புயலில் மும்பை ஹை பகுதியில் 261 பேர் இருந்த பி-305 பார்ஜ் நங்கூரம் இழந்து அடித்துச் செல்லப்பட்டு, ஒரு பிளாட்ஃபார்மில் மோதி மூழ்கியது. பலர் இறந்தார்கள். அதே புயலில் சாகர் பூஷண் டிரில்ஷிப்பும் நங்கூரம் இழந்து மிதந்து போனது. நம் பக்கத்தில் 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த பிரதிபா காவேரி டேங்கர் பெசன்ட் நகர் கரையில் வந்து தட்டி நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் பக்கம் 2004-இல் இவான், 2005-இல் கத்ரீனா, ரீட்டா மூன்றிலும் பல ரிக்குகள் லைன் அறுந்து மிதந்தன. டீப்வாட்டர் நாட்டிலஸ் இவானிலும் அறுந்தது, கத்ரீனாவிலும் அறுந்தது. அதன் பிறகுதான் அங்கே நகரும் ரிக்குகளுக்கான மூரிங் வழிகாட்டிகளை இறுக்கினார்கள்.

அறுந்தே விட்டால்

சத்தம் கேட்டவர் முதலில் கண்ட்ரோல் அறைக்குச் சொல்ல வேண்டும், எட்டிப் பார்க்கப் போகக் கூடாது. கண்ட்ரோல் அறையில் இருக்கிறவர் ரிக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்க்க வேண்டும். துளையிடும்போது தண்ணீர் ஆழத்தில் 2, 3 சதவீதம் தள்ளினாலே பொதுவாக வேலையை நிறுத்துவார்கள், 300 மீட்டர் ஆழத்தில் அது வெறும் 6 முதல் 9 மீட்டர். எந்த வட்டத்தைத் தாண்டினால் ரைசரைத் துண்டிப்பது, யார் உத்தரவு தருவது, அந்த உத்தரவு தருகிறவர் தூக்கத்தில் இருந்தால் யார் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அறுந்த லைனுக்கு நேர் எதிரே உள்ள லைன் இப்போது ரிக்கைத் தவறான பக்கம் இழுக்கிறது, அதை முதலில் தளர்த்துவார்கள். பக்கத்து லைன்கள் 80 சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே, காத்திருப்புக் கப்பலைக் கூப்பிட வேண்டும். இந்த வரிசையை மாதம் ஒருமுறையாவது காகிதத்திலாவது ஒத்திகை பாருங்கள். தீ ஒத்திகைக்கு மணி அடிக்கிற ரிக்கில் லைன் ஒத்திகைக்கு மணி அடித்து நான் கேட்டதில்லை.

காற்று ஓய்ந்ததும் அறுந்த லைனை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். அன்று அளவுக்கு மீறி இழுபட்டது பக்கத்து லைன்கள். அவற்றின் ஃபேர்லீட் லிங்க்குகளையும் கென்டர்களையும் மேலே எடுத்து எம்.பி.ஐ. (காந்தத்தால் விரிசல் தேடும் சோதனை) செய்து பார்க்க வேண்டும், எடுக்க முடியாத பகுதிக்கு ஆர்.ஓ.வி. (கடலுக்கடியில் போகும் ஆளில்லாக் கருவி) அனுப்ப வேண்டும். முறிந்த லிங்க் கிடைத்தால் அதை ஸ்கிராப் மூலையில் போடாமல் எடுத்துவையுங்கள். முறிந்த முகத்தைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டாம், பொருந்துகிறதா என்று இரண்டு முகத்தையும் ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம், உரசினால் தடயம் போய்விடும். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, உலரவைத்து, லேசாக எண்ணெய் பூசி, எந்த லைன், எத்தனையாவது மீட்டர், எந்தப் பக்கம் ஃபேர்லீடைப் பார்த்திருந்தது என்று அட்டையில் எழுதிக் கட்டி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.